கடைசிப் பற்சில்லின் விலை

காலபோக மழை தொடங்கிவிட்டது. இரணைமடுவின்கீழ் நிலம் பதம் கண்டிருக்கிறது. விதைப்புக்கு ஒரு கிழமையே உண்டு. இவ்வேளையில் ஒரு விவசாயியின் பழைய இரு சில்லு உழவு இயந்திரத்தில் பற்சில்லொன்று உடைந்துவிட்டதென வைத்துக்கொள்வோம். கடைத்தெருவில் ஒரேயொருவரிடம் ஒரேயொன்று இருக்கிறது. அவர் அதற்கு என்ன விலை கேட்கலாம்?

“பழசு, அதுதான் சாமான் இல்லை” என்பது எம்மவர் விளக்கம். அது முழு உண்மையன்று. மசி பெர்குசன் 35, 1957 முதல் 1964 வரை இங்கிலாந்தின் கொவென்றியில் செய்யப்பட்டது. ஆயினும் 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் அதன் வழிவந்த இயந்திரங்களை இன்றும் செய்து வருவதால், பாகங்கள் பலவற்றை இன்றும் வாங்கலாம். பிரித்தானிய லான்ட்மாஸ்டருக்கோ பெயர் மட்டுமே எஞ்சியது. சீனத்து இயந்திரத்தையும் எம்மவர் லான்ட்மாஸ்டர் என்றே அழைக்கின்றனர்! ஆக, வயதன்று காரணம். ஆலை ஓய்ந்ததே காரணம். ஒற்றைப் பற்சில்லுக்காக எவரும் அச்சுச் செய்து உலை மூட்டார். கடைச்சற்காரர் புஷ் கடைந்து தருவார். ஆனால் முறைப்படி சூடேற்றி வன்மையாக்காத பற்சில்லு நெடுநாள் நில்லாது.

பழைய இயந்திரத்துக்குப் பழைய இயந்திரமே களஞ்சியம். 1990 முதல் 2002 வரை, பொருளாதாரத் தடையால் உதிரிப்பாகங்கள் வன்னியின் பெரும்பகுதிக்குள் வரமுடியாதிருந்த காலத்தில், மூன்றைக் கழற்றி ஒன்றை ஓடவைத்தார்கள் எம் மெக்கானிக்குகள். 2009இன் பின் முள்ளிவாய்க்கால் பக்கம் குவிந்து கிடந்த வாகனங்கள் பல பழைய இரும்பாய் நிறுவைக்குப் போயின. அவற்றுள் எத்தனை பற்சில்லுகளோ! 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியபோது, கப்பலில் வருவனவும் கைக்கெட்டாமற் போயின.

இனிக் கடைக்காரரைப் பார்ப்போம். இருபது ஆண்டுகள் எண்ணெய் பூசி அதைக் காத்தவர். அவரது முதல் அதில் முடங்கிக் கிடந்தது. கேட்டு எவரும் வராமலே போயிருக்கவும் கூடும். அன்றைய பட்டியல் விலைக்கே தா என்பது அநீதி. இதை அழுத்திச் சொல்கிறேன். ஆலய முற்றத்தில் நின்று வியாபாரியைத் திட்டுவது எமக்கு மிக எளிதாகிவிட்டது.

எனினும் புனித தோமஸ் அக்குவினார் இங்கே ஒரு வேறுபாடு காட்டுகிறார். பொருளைக் கொடுப்பதால் விற்பவனுக்கு இழப்பு உண்டெனில், அதற்கேற்ப விலையைக் கூட்டலாம். வாங்குபவனின் தேவையை மட்டும் கண்டு கூட்டலாகாது; அந்தத் தேவை விற்பவனுடைய சொத்தன்று. வானம் கறுப்பதைப் பார்த்து இரட்டிக்கும் விலை பற்சில்லுக்கா, மழைக்கா?

சங்கடம் ஒன்றுண்டு. மலிவாக வாங்கியவர் மறுநாளே அதை இரட்டிப்பாக விற்கலாம். நல்ல இலாபம் வருமென்ற நம்பிக்கை இல்லையேல், யார்தான் இருபது ஆண்டுகள் காப்பார்? ஆதலின் இத்தனை ரூபா என்று இங்கிருந்து கூற என்னால் இயலாது. ஆனால் வயல்கள் காய்ந்து கிடக்கும் ஆவணியில், அவசரமின்றி ஒருவர் வந்து கேட்டிருந்தால் ஒரு விலை சொல்லியிருப்பாரல்லவா? அந்த விலை கடைக்காரருக்குத் தெரியும்.