அணியும் அரணும்

1662ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் இரண்டாம் சார்ல்ஸ் மன்னனது ஆட்சியில், இயந்திரத்தால் அச்சிடப்பட்ட 'கிரௌண்' வெள்ளி நாணயத்தின் விளிம்பிலே இலத்தீன் தொடர் ஒன்று பொறிக்கப்பட்டது. 'அணியும் அரணும்' என்பது அதன் பொருள். நாணயங்களின் ஓரத்தைச் சிறிது சிறிதாகக் கத்தரித்து வெள்ளியைக் களவாடுவோர் மலிந்திருந்த காலம் அது. விளிம்பில் எழுத்திருப்பின் கத்தரித்தமை உடனே புலப்பட்டுவிடும். எனவே அவ்வெழுத்து நாணயத்துக்கு அணியுமாயிற்று, அரணுமாயிற்று. நாணயம் கைக்குக் கை மாறுந்தோறும் பலர் அதன் விளிம்பை நோக்குவர். அந்நோக்கே அதற்குக் காவல். காணப்படுவதும் காக்கப்படுவதும் அங்கு ஒரே செயலாயிருந்தன.

இவை இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்துபோன ஒரு நிலையை ஐக்கிய அமெரிக்காவின் நாணயச் சேகரிப்பாளரிடையே காணலாம். அங்கு 1986ஆம் ஆண்டு முதல் ஒரு வழக்கம் பரவியுள்ளது. சேகரிப்பாளர் தமது நாணயத்தைத் தரப்படுத்தும் கம்பனி ஒன்றுக்கு அனுப்புகிறார். அங்குள்ள நிபுணர்கள் அது மெய்யானதா என ஆராய்ந்து, அதன் நிலைக்கு 1 முதல் 70 வரையான ஓர் எண்ணை வழங்குகின்றனர். பின்னர் நாணயம் உள்ளங்கையில் அடங்கக்கூடிய, தடித்த, தெளிவான பிளாஸ்ரிக் கூடொன்றினுள் வைக்கப்பட்டு, கூட்டின் இரு பாதிகளும் மீயொலியின் துணையால் ஒட்டப்படுகின்றன. கூட்டின் தலைப்பிலுள்ள சீட்டிலே நாணயத்தின் பெயர், ஆண்டு, தர எண், தொடரிலக்கம் என்பன அச்சிடப்பட்டிருக்கும். கூட்டை உடைத்தாலன்றி நாணயம் மீண்டும் கைக்கு வாராது.

காண்பதற்காகச் சேர்க்கப்படும் ஒரு பொருளை, காண்பதைக் குறைக்கும் ஒரு காவலுக்குள் வைப்பது தகுமா? இவ்வினா சிறு பொழுதுபோக்கொன்றைப் பற்றியது போலத் தோன்றினும் அத்துணை சிறியதன்று.

இவ்வழக்கம் எழுந்தமைக்கு நியாயமான காரணம் இருந்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்ளல் வேண்டும். 'புதுநிலை' என்று விற்கப்பட்ட நாணயம் வாங்கியவர் விற்க முனைந்தபோது 'தேய்ந்தது' என்று மதிப்பிடப்படுவது அக்காலச் சந்தையில் அரிதன்று. கூடு வருமுன், 1970களில், சான்றிதழ் முறை ஒன்றும் தோன்றியது. ஆயின் சான்றிதழ் வேறாகவும் நாணயம் வேறாகவும் இருந்தமையால் ஒன்றன் சான்றிதழை வேறொன்றனுக்கு உரியதாகக் காட்டுதல் இயலுவதாயிருந்தது. இரண்டையும் ஒன்றாகப் பூட்டியமையே கூட்டின் சாதனை. நாணயவியல் அறியாத ஒருவரும் ஏமாறாது வாங்க அது வழி செய்தது. அவரும் நீதிக்கு உரியவரே.

ஆட்சியிலுள்ள எண்முறையின் வரலாறு இவ்விடத்தில் நோக்கற்பாலது. வில்லியம் ஷெல்டன் என்னும் உளவியலாளர் தொடக்ககால அமெரிக்கச் செம்புச் சதங்கள் பற்றி 1949இல் வெளியிட்ட நூலிலேயே இவ்வெழுபது படிகளை வகுத்தார். 70 என்ற நிலையிலுள்ள சதம், 1 என்ற நிலையிலுள்ள சதத்தைப் போல எழுபது மடங்கு விலைபெறும் என்பது அவரது கணக்கு. சந்தை அக்கணக்கை விரைவில் மீறிற்று. எண்கள் மாத்திரம் நிலைத்தன. ஆக, இன்று அழகின் அளவுபோலத் தோன்றும் அவ்வெண் பிறப்பால் விலையின் அளவே. இதே ஷெல்டன், அமெரிக்க நாணயவியற் சங்கத்தின் சேகரிப்பிலிருந்த சிறந்த சதங்களை எடுத்துக்கொண்டு தாழ்ந்த சதங்களை அவற்றின் இடத்தில் வைத்தார் என்பது, 1977இல் அவர் மறைந்த பின்னர் வெளிப்பட்டது. அச்சதங்கள் பற்றிய வழக்கு 1990களில் கலிபோர்னிய நீதிமன்றம்வரை சென்றது. தொடரிலக்கமிட்ட கூட்டுக்குள் அவை இருந்திருப்பின் இம்மாற்று எளிதில் நிகழ்ந்திராது. கூட்டைப் பழிப்போர் இதனை மறத்தலாகாது.

இனிக் காட்சியைப் பற்றி நோக்குவோம். புதுநிலையிலுள்ள வெள்ளி நாணயத்தின் ஒளி அதன் மேற்பரப்பில் அசையாது படிந்து கிடப்பதன்று. அச்சின் பேரழுத்தத்தால் உலோகம் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நகர்ந்தபோது விழுந்த நுண்கோடுகளில் ஒளி தெறிப்பதால் அது பிறக்கிறது. நாணயத்தை ஒற்றை விளக்கின் கீழ்ப் பிடித்து மெல்லச் சாய்த்தால், ஒளிக்கதிர்கள் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல அதன்மீது சுழன்றுவரும். அதனைக் காண்பதற்குக் கண் மட்டும் போதாது. கையின் அசைவும் வேண்டும். கூட்டினுள்ளும் அச்சுழற்சி புலப்படும் என்பது உண்மையே. ஆயினும் பிளாஸ்ரிக்கின் பரப்பிலும் விளக்கொளி தெறிக்கிறது. கண் இரண்டு ஒளிகளைப் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. கூட்டில் விழுந்த கீறல் நாணயத்தின் கீறலாக மயக்கும். உருப்பெருக்கு வில்லையை வேண்டிய கோணத்தில் அணுகச் செய்வதும் கடினம். நாணயத்தைச் சுண்டி ஒலி கேட்டல், தனியே நிறுத்தல், விரல் நுனியால் விளிம்பைத் தடவுதல் ஆகிய பழைய பரிசோதனைகள் யாவும் இல்லாதொழிகின்றன. விளிம்பு பல கூடுகளில் நாணயத்தைப் பற்றிநிற்கும் வளையத்துக்குள் மறைந்தே போகிறது.

எனினும் இவ்விழப்புகள் பொறுக்கக்கூடியவை. நூதனசாலையின் கண்ணாடிப் பேழையும் இவற்றையே செய்கிறது. பேழையில் பெரும்பாலும் ஒரு முகந்தான் தெரியும், கூட்டிலோ இரு முகங்களும் தெரியும். செம்பு நாணயத்தில் ஒருவர் பதித்த விரலடையாளம் உப்பும் எண்ணெயுமாய் ஊறி அவருக்குப் பின்னும் நிலைத்துவிடும். தொடும் ஒவ்வொருவரும் இனிக் காணவிருப்போரின் பங்கில் ஒரு துளியை எடுத்துக்கொள்கின்றனர். அந்த வகையில் தொடாமை ஒரு துறவு. பிறர்பொருட்டு ஏற்கும் துறவு.

பெரிய இழப்பு பிளாஸ்ரிக்கினால் அன்று, சீட்டினால் விளைகிறது. சைவசித்தாந்த அளவையியல் அறிவின் வாயில்களைக் காண்டல், கருதல், உரை என மூன்றாக வகுக்கும். காண்டலும் கருதலும் எட்டாத இடத்தில் நம்பத்தக்கோரின் உரை துணையாகும். கூட்டிலோ இவ்வரிசை தலைகீழாகிறது. பொருள் கண்முன்னே இருக்கிறது; ஆயினும் கண் முதலிற் சீட்டை வாசிக்கிறது. '65' எனக் கண்டவர் பின்னர் நாணயத்தில் 65ஐயே காண்கிறார். ஐயப்பட்டாலும் தம் கண்ணையே ஐயுறுகிறார். அழகு பற்றிய தீர்ப்பைப் பிறரது சான்றின்மேற் கொள்ளவியலாது, அவரவர் தாமே கண்டு தீர்த்தல் வேண்டும் என்று கான்ற் 1790இல் வாதிட்டார். நாணயத்தின் தேய்மானம் நிபுணர் தீர்ப்புக்கு உரியதாகலாம். அதன் எழிலும் அவ்வாறானதா? ஓரெண்ணில் இரண்டும் கலந்துவிட்டன.

அவ்வெண்ணும் அசையாததன்று. சில நாணயங்களில் ஒரு படி ஏற்றம் விலையைப் பன்மடங்காக்கும் ஆதலின், கூட்டை உடைத்து அதே நாணயத்தை மீண்டும் அனுப்பி உயர்ந்த எண் பெற முயல்வோர் உளர். சிலர் பெறவுஞ் செய்கின்றனர். 2007இல் தோன்றிய ஒரு நிறுவனம் ஏனைய கம்பனிகளின் கூட்டிலுள்ள நாணயங்களை மதிப்பிட்டு, தரத்துக்கு ஏற்றவை எனக் கண்டால் கூட்டின்மேற் பச்சை நிறச் சிறு ஒட்டொன்றை ஒட்டுகிறது. உரைக்கு உரை எழுந்த கதைதான். 1980களின் முதற்கூடுகளில் நாணயம் சற்றே தளர்ந்து கலகலவென ஒலிக்கும். அவ்வொலிக்காகவே அக்கூடுகளை மிகுந்த விலை கொடுத்துச் சேர்ப்போரும் இருக்கின்றனர். காவற்பெட்டி தானே காட்சிப்பொருளாகிவிட்டது! போலி நாணயம் செய்தோர் போலிக் கூடுகளையும் செய்யத் தொடங்கினர் என்பதில் வியப்பில்லை.

கூட்டை ஒழித்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படுவதில்லை. சீட்டைக் கையால் மறைத்து நாணயத்தை முதலிற் பார்த்துத் தாமே ஓரெண்ணை நினைத்து, அதன்பின்னரே கையை எடுக்கும் பழக்கமுடையோர் சேகரிப்பாளரிடையே உளர். அப்பழக்கம் காவலையும் காப்பாற்றுகிறது, கண்ணையும் காப்பாற்றுகிறது. கம்பனி பிழைத்தாலும் தாம் பிழைத்தாலும் அங்கு ஓர் உரையாடல் நிகழ்கிறது. கையை வைக்காதவரிடத்து அது நிகழ்வதில்லை. அவர் உடைமையாளராக இருக்கலாம், காண்பவராக இல்லை.

அவ்வாறு கையை வைத்து மறைத்தும் பயனில்லாத ஒரு நாணயமும் உண்டு. 2007இல் ஐக்கிய அமெரிக்கா ஜோர்ஜ் வாஷிங்டனின் உருவம் பொறித்த ஒரு டொலர் நாணயத்தை வெளியிட்டது. ஆண்டையும், 'கடவுளில் நம்பிக்கை வைக்கிறோம்' என்ற வாசகத்தையும் அதன் விளிம்பிலே பொறித்தல் வேண்டும். ஒரு தொகுதி அவ்வியந்திரத்தினூடு செல்லாமலே வெளிவந்துவிட்டது. பத்திரிகைகள் 'கடவுளற்ற டொலர்' என்று பெயரிட, சேகரிப்பாளர் அவற்றைத் தேடிப் பிடித்துத் தரப்படுத்த அனுப்பினர். நாணயத்தின் இரு முகங்களிலும் வேறுபாடு ஏதுமில்லை. வெறுமையான விளிம்பு ஒன்றே அதன் சிறப்பு. விளிம்பு தெரியும்படி சிறு முனைகளால் நாணயத்தைத் தாங்கும் கூடுகள் பின்னர் வந்தன. வளையமிட்ட கூட்டில் அடைபட்டவற்றை வைத்திருப்போர், விளிம்பில் எழுத்தில்லை என்று சீட்டில் எழுதப்பட்டிருப்பதை வாசித்துக்கொள்கின்றனர்.