விடுதலும் கைவிடுதலும்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பது இல்லறத்தார்க்குத் தகுமா என்னும் வினாவைச் சென்ற ஆண்டு வரை நாம் எண்ணிப் பார்த்ததில்லை. நம் தமையனார் மகன் பெரம்பலூரில் குடியிருந்த வீட்டுக் கூடத்தில் 6 அடி நீளமும், 2 அடி அகலமும், 2 அடி உயரமும் கொண்ட தொட்டி ஒன்று இருந்தது. வந்தவர் அனைவரும் அதன்முன் நின்றுவிடுவர், நாமும் நின்றதுண்டு. "பதினெட்டாம் தீர்த்தங்கரர் அரநாதருக்கு இலாஞ்சனமே மீன்தானே, அத்தை!" என்று அவன் நகைத்தபோது நாமும் உடன் நகைத்தோம்.

அவனுக்கு வடநாட்டுக்குப் பணிமாற்றம் வந்தது. ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். கட்டில், பீரோக்களுக்கு லாரி பேசியாயிற்று. ஏறத்தாழ 680 லிட்டர் நீரையும் அதனுள் வாழ்ந்த ஆறு உயிர்களையும் என்ன செய்வது? ஆஸ்கர் என்னும் பெருமீன் மூன்று, பாரட் எனப்படும் செந்நிற மீன் இரண்டு, கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னும் டேங்க் கிளீனர் ஒன்று.

எதிர்வீட்டு அம்மையார் எளிய வழி கூறினார். "டீச்சரம்மா, உயிரைக் கொல்லாதவர்கள் நீங்கள். ஏரியில் விட்டுவிடுங்கள், புண்ணியம் உண்டு." குழந்தையும் கரைவெட்டி ஏரிக்குப் போகலாம் என்று துள்ளினாள். கூண்டைத் திறந்துவிடுவதைவிடச் சீவகாருணியம் வேறு என்ன இருக்க முடியும் என்றே நமக்கும் முதலில் தோன்றிற்று.

அன்றிரவு உறக்கம் வராமல் கிடந்தபோது நம் அன்னையாரின் கிணற்றடி நினைவுக்கு வந்தது. நீர் சேந்தியவுடன் இருமடித்த துணியில் வடிகட்டுவார். பின்னர்த் துணியைத் திருப்பிப் பிடித்து, வடிகட்டிய நீரையே சிறிது ஊற்றி அலசி, அந்த அலசலை வாளியில் இட்டு, மேலிருந்து கொட்டாமல் நீர்மட்டம் வரை இறக்கிக் கவிழ்ப்பார். ஒருநாள் சோம்பலால் நாம் அதனை வாய்க்காலில் ஊற்றிவிட்டோம். அன்னையார் அடிக்கவில்லை. "அது இந்தக் கிணற்றுப் பிள்ளை, அந்தத் தண்ணீரில் அது எப்படிப் பிழைக்கும்?" என்று மட்டும் கேட்டார். வடிகட்டும் வழக்கத்தை நம் வீடுகள் பலவும் இன்றும் போற்றுகின்றன. எடுத்த நீரிலேயே சேர்க்க வேண்டும் என்னும் பாதியைக் குழாய் நீர் வந்தபின் மறந்துவிட்டோம்.

இந்த ஆறு உயிர்களுக்கும் உரிய நீர் எது? ஆஸ்கருக்கு அமேசான் ஆறு. டேங்க் கிளீனரும் தென் அமெரிக்காவினதே. பாரட்டுக்கு உலகில் எங்குமே சொந்த நீர் இல்லை. இருவகை மீன்களைக் கலந்து தைவானில் மனிதர் உண்டாக்கிய பிறவி அது. வாயை முழுதும் மூடக்கூட அதனால் இயலாது. அழகுக்காக ஓர் உயிரை இவ்வாறு ஊனத்தோடே பிறப்பித்து விலை கூறுவதை என்னவென்பது!

அயல்நீர் மீனை ஏரியில் விட்டால் என்ன நேரும் என்பதற்கு நம் ஊர்ச் சந்தையே சான்று. ஜிலேபி என்று நாம் அழைக்கும் மீன் ஆப்பிரிக்காவினது. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று அது இல்லாத குளம் அரிது. அதனால் நெருக்குண்ட நாட்டு மீன்கள் பல. ஆஸ்கரும் அதே குடும்பத்தது. ஓரடிக்கு மேல் வளர்ந்து சிறு மீன்களை விழுங்கும். 2018 ஆகஸ்டு வெள்ளத்தின்போது கேரளத்தில் பண்ணைகளிலிருந்து தப்பிய அரபைமா முதலிய அயல்நாட்டு மீன்கள் ஆறுகளில் அகப்பட்டன. கரைவெட்டியோ 1999இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஏரி. புள்ளம்பாடி வாய்க்கால் வழியே மேட்டூர் நீர் வந்து சேரும் இடம். டேங்க் கிளீனரின் விறைத்த முட்கள் தொண்டையில் சிக்கிக் கூழைக்கடாக்கள் மாண்டது வெளிநாட்டில் பதிவாகியுள்ளது. ஆறு உயிரை விடுவித்தோம் என்று நாம் மகிழ்ந்து திரும்ப, நாம் காணாத நூறு உயிர் அங்கே மாளக்கூடும். கண்ணெதிரே நிகழாத கொலை கொலையாகாது என்று நம் ஆகமங்கள் எங்கும் கூறவில்லை.

அப்படியாயின் தொட்டியிலேயே இருப்பது அறமாகுமா? அதுவும் இல்லை. கொல்லாமை அணுவிரதத்துக்குத் தத்துவார்த்த சூத்திரம் கூறும் ஐந்து குற்றங்களுள் முதலாவது பிணித்தல். அடித்தலும் உறுப்பறுத்தலும் அதன் பின்னரே வருகின்றன. கடையில் பணம் கொடுத்த அன்றே அக்குற்றம் நிகழ்ந்துவிட்டது. அதற்கு மேலும் ஒன்று இருந்தது. தீவன டப்பாவை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு நாம் படித்தோம். முதற்பொருளே மீன்தூள். வெங்காயம் பூண்டும் நுழையாத சமையலறையின் அலமாரியில் நான்கு ஆண்டுகளாக அந்த டப்பா இருந்திருக்கிறது! மருமகள் அழுதுவிட்டாள். ஆனால் நாளை முதல் நிறுத்திவிட முடியுமா? ஊன் உண்ணும் பிறவியைப் பிடித்து வைத்துக்கொண்டு உணவை மறுப்பது அவ்வைந்தனுள் இறுதிக் குற்றம். ஒரு பக்கம் திரும்பினால் முதற்குற்றம், மறுபக்கம் திரும்பினால் ஐந்தாவது. இதற்கு மாசற்ற விடை இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. அவற்றின் ஆயுள் முடியும்வரை எவரேனும் அவற்றைச் சுமந்தாக வேண்டும். அச்சுமை நாம் வாங்கிய கடன்.

விற்ற கடைக்குத் திருப்பித் தர நம் மனம் ஒப்பவில்லை, மறுபடி விலைபோகும். பள்ளிக்குக் கொடுத்துவிடலாம் என்றனர் சிலர். அதனை நாமே தடுத்தோம். காரணத்தை இதுவரை எவரிடமும் கூறியதில்லை. ஆசிரியர் பயிற்சியில் இயற்கைப் பாடத்துக்கு மீன் சாடி வைக்கக் கற்றிருந்தோம். 1972இல் அரியலூர் வட்டத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் அவ்வாறே வைத்தோம். அது கடல் விலகிப்போன மண். பிள்ளைகள் வயலில் பொறுக்கி வரும் சங்கு போல் சுருண்ட கற்களைச் சாடியருகே அடுக்குவோம். குளத்தில் பிடித்த கெண்டைக் குஞ்சுகளை வெள்ளிதோறும் அதே குளத்தில் விடுவது வழக்கம். ஒரு பொங்கல் விடுமுறைக்கு மறந்து ஊருக்குப் போய்விட்டோம். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது எழுந்த நாற்றம் இன்றும் நம் நாசியில் உள்ளது. கண்டித்தவர் எவருமில்லை. சாடியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அன்று பெருக்கல் வாய்பாடு நடத்தினோம்.

இறுதியில் அரியலூரில் ஓய்வுபெற்ற இரயில்வே ஊழியர் ஒருவர் முன்வந்தார். பெரிய தொட்டிகளைப் பல்லாண்டு பேணியவர்; மின்தடையிலும் காற்று நிற்காதிருக்க இன்வெர்ட்டர் வைத்திருப்பவர். விற்பதில்லை, குஞ்சு பொரிக்க விடுவதில்லை, எந்நீரிலும் விடுவதில்லை என மூன்று வாக்குறுதி கேட்டோம். ஆஸ்கர் பத்தாண்டுக்கு மேலும் வாழுமே, தமக்குப் பின் யார் என்று அவரே கவலைப்பட்டுத் தம் மகனையும் அழைத்துச் சம்மதிக்க வைத்தார். அவர் நம் சமயத்தவர் அல்லர்.

முதல்நாள் தீவனம் நிறுத்தினோம். வயிறு நிறைந்த மீன் பயணத்தில் நீரைக் கெடுக்கும். தொட்டி நீரில் பாதியைப் பீப்பாய்களில் நிரப்பினோம். வடிகட்டியின் பஞ்சைக் குழாய் நீரில் கழுவக்கூடாது என்றார் பெரியவர். மீன்கழிவின் நஞ்சை மாற்றும் நுண்ணுயிர்கள் அதில் குடியிருக்கின்றனவாம். குளோரின் பட்டால் அவையும் மாளும், பின்னர் மீன்களும் மாளும். விடியலில் வேன் புறப்பட்டது. முப்பது கிலோமீட்டர் அளவே தொலைவு. ஓட்டுநர் ஒவ்வொரு பள்ளத்துக்கும் வேகம் குறைத்தார். அங்கே பைகளைப் புதிய நீரில் மிதக்கவிட்டு, சூடு ஒத்தபின், கிண்ணம் கிண்ணமாக நீர் கலந்து, ஒரு மணி நேரம் கழித்தே மீன்களை இறக்கினார்.

நான்காம் நாள் பாரட் ஒன்று இறந்தது. மற்றவை நலம். வடநாட்டிலிருந்து குழந்தை மாதம் ஒருமுறை பெரியவரைத் தொலைபேசியில் அழைத்து ஐந்தின் பெயரையும் சொல்லி விசாரிக்கிறாள். தீவனச் செலவுக்கு அப்பா பணம் அனுப்பிவிட்டாரா என்றும் கேட்பதுண்டாம்.