மலைக்குப் பின்னால் வெயில்

அடி அண்ணாமலை, பங்குனி. பௌர்ணமி கழிந்து நாலு நாள். கிரிவலப் பாதை வெறிச்சோடிக் கிடக்கிறது. ஊருக்குக் கிழக்கே மலை. டவுனில் காலை வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதும் இங்கே நிழல்தான். டீக்கடை எதிரே புங்கமரம் முழுக்கத் தளிர், அதுவும் காத்திருக்கிறது.

*

திருவெம்பாவை பிறந்த இடம் இதுதான் என்பார்கள். மாணிக்கவாசகருக்கு இங்கே கோயிலும் உண்டு. கைபேசியில் திருவாசகத்தைத் திறந்தேன். தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டத்துப் பிரதி. 1998 பொங்கலன்று அந்தத் திட்டத்தைத் தொடங்கிய கல்யாணசுந்தரம் தமிழ் வாத்தியார் இல்லை. சுவிட்சர்லாந்தின் லோசானில் ஒளிவேதியியல் ஆய்வாளர்.

*

கல்யாணசுந்தரமும் வேதியியலாளர் ஜார்ஜ் போர்ட்டரும் 1978-இல் லண்டனிலிருந்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சோப்பு போன்ற மூலக்கூறுகள் திரண்ட நுண்துளிக்குள் பச்சையத்தை வைத்து, ஒளி பட்டதும் அது எலெக்ட்ரானை மெதில் வயலோஜன் என்ற பொருளுக்குத் தருவதைப் பார்த்தார்கள். இலை செய்வதில் ஒரே ஒரு படி.

கொடுப்பது பெரிய காரியமில்லை. கொடுத்தது கண நேரத்தில் திரும்பி வந்துவிடும். பிடித்த ஒளி வெறும் சூடாகிப் போகும். செயற்கை ஒளிச்சேர்க்கைக்காரர்கள் பல பேருடைய ஆயுள் இந்தத் திரும்புதலோடு மல்லுக்கட்டியே கழிந்திருக்கிறது. இலை எலெக்ட்ரானைக் கைமாற்றிக் கைமாற்றி, ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் ஆற்றலை இழந்து, சவ்வின் மறுபக்கம் சேர்க்கிறது. அந்த இழப்புதான் தாழ்ப்பாள். இதைப் படித்த அன்று வேறெதுவும் படிக்க ஓடவில்லை.

*

தண்ணீரைப் பிளக்க அதிலிருந்து நாலு எலெக்ட்ரானை எடுக்க வேண்டும். ஒளியோ ஒவ்வொன்றாகத்தான் எடுக்கும். இலைக்குள் நாலு மாங்கனீசும் ஒரு கால்சியமும் சேர்ந்த சின்னக் கொத்து ஒன்று, நாலாவது போகும்வரை கணக்கு வைத்திருக்கிறது. அப்புறம்தான் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு.

கடும் வெயிலில், தண்ணீரைப் பிளக்கும் அந்த இயந்திரத்தின் புரதம் ஒன்று அடிக்கடி பழுதாகும். இலை அதைக் கழற்றிப் புதிது மாட்டிக்கொள்ளும். நாம் செய்த எதற்கும் அந்தச் சாமர்த்தியம் இன்னும் கூடவில்லை.

*

1991-இல் அதே லோசானில் கிரெட்செல், ஓ'ரீகன் என்ற ஆய்வாளர்கள் டைட்டானியம் ஆக்சைடுத் துகள்மேல் சாயம் பூசிய மின்கலத்தை அறிவித்தார்கள். ஏழு சதவீதத்துக்கு மேல் திறன். இலையின் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்: மின்சாரம் வந்தது, எரிபொருள் இல்லை. குறையாகச் சொல்லவில்லை. கிடைத்த பாதியைக் கையில் பிடிப்பதும் ஒரு விவேகம்தான்.

*

ஏழரை வாக்கில் மலைமுகட்டைத் தாண்டி வெயில் விழுந்தது. டீக்கடைக்காரர், "சாமி, கொஞ்சம் எழுந்திரிங்க" என்று பெஞ்சை நிழலுக்கு இழுத்தார். நானும் அதோடு நகர்ந்தேன். தளிர்கள் வெயிலில் நின்றன.