ஆறு பேர் வீட்டில் நெருப்பு யாருடையது?

படிக்கவும் வேலைக்கும் வெளியூர் போகும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் தாமான் வீடுகளில்தான் கூட்டாகத் தங்குகிறார்கள். மூன்று அறை, ஆறு பேர், ஒரு கேஸ் அடுப்பு. வாடகை, தண்ணீர், கரண்ட், வைஃபை எல்லாவற்றையும் சென் கணக்கு வரைக்கும் பிரித்துக்கொள்கிறோம். ஆபத்தை மட்டும் பிரிக்க முடியாது. என் அறையில் பற்றியது என் அறையோடு நிற்காது. தீயை விடப் புகைதான் அதிகம் பேரைக் கொல்கிறது. நன்றாகத் தூங்குகிறவனைப் புகை நாற்றம் எழுப்பும் என்று நம்பவும் முடியாது.

ஒரே எக்ஸ்டென்ஷனில் கெட்டில், அயர்ன், ரைஸ் குக்கர். 13 ஆம்பியர் பிளக் ஏறக்குறைய 3000 வாட் வரைதான் தாங்கும். கெட்டில் மட்டுமே பெரும்பாலும் 1500 வாட்டுக்கு மேல், அயர்ன் ஆயிரத்துக்கு மேல். சிரிம் முத்திரை இல்லாத மலிவுச் சரக்கு அந்த எல்லைக்கு முன்பே சூடேறிவிடலாம். கேட்டால், “ரெண்டு வருஷமா இப்படித்தான் போடுறோம், ஒண்ணும் ஆகலையே” என்பார்கள்.

இங்கேதான் ஒரு கேள்வி. இரண்டு வீடுகளில் இரண்டு பேர் இதையே செய்கிறார்கள். ஒரு வீடு எரிகிறது, இன்னொன்று தப்பிக்கிறது. தப்பித்தவன் குற்றமற்றவனா? ஊர் அப்படித்தான் சொல்லும். விளைவைப் பார்த்துத்தான் அது பேசும். என் கணக்கில் இரண்டு பேரும் செய்தது ஒன்றுதான்: அடுத்தவன் உயிரை அவனைக் கேட்காமலே பணயம் வைத்தார்கள். “விதி இருந்தா நடக்கும்” என்பது இதற்குப் பதில் ஆகாது. கர்மா என்ற சொல்லுக்கே செயல் என்றுதானே பொருள்? பிளக்கைச் செருகிய கை யாருடையது?

சாமி விளக்கு விஷயத்துக்கு வருவோம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். காலையில் திரைச்சீலைக்குப் பக்கத்தில் விளக்கேற்றி, ஊதுபத்தி வைத்து, அப்படியே வகுப்புக்கு ஓடுவது பக்தியா? நம் பாட்டிமார் விளக்கை ‘அணை’ என்று சொல்லவே மாட்டார்கள். ‘குளிர வை’ என்பார்கள், ‘மலையேத்து’ என்பார்கள். அணைப்பதற்கே மரியாதையான ஒரு சொல் வைத்திருக்கிறோம் என்றால், அதுவும் பூஜையில் சேர்ந்ததுதான். நேரமில்லாத நாளில் கை கூப்பிவிட்டுப் போகலாம். சாமி கோபித்துக்கொள்ளாது.

கிரில் கதவு இன்னும் சிக்கல். திருடனுக்குப் பயந்து பூட்டுகிறோம், நியாயம்தான். ஆனால் சாவி ஒருவன் பையில் இருந்தால் மற்ற ஐந்து பேருக்கு அந்த வீடு கூண்டு. 2017 செப்டம்பரில் கோலாலம்பூர் டத்தோ கிராமாட்டில் ஒரு சமயப் பள்ளி விடுதி எரிந்தபோது 23 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் சிறுவர்கள். ஜன்னல் கம்பிகள் அவர்களைத் தப்ப விடவில்லை. அந்தத் தாய்மாரின் துயரத்துக்கு மதம் கிடையாது. ஒவ்வொரு கிரில்லுக்கும் ஒரு மாற்றுச் சாவி, வெளியிலிருந்து கை எட்டாத, உள்ளே இருட்டிலும் தடவி எடுக்கக்கூடிய ஆணியில் தொங்கினால் போதும். ஒரு சாவி வெட்ட எவ்வளவு ஆகிவிடும்?

திருக்குறளில் மறதிக்கும் அசட்டைக்கும் எதிராகப் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அது அரசியல் பகுதியில் வருகிறது; முதலில் அரசனுக்குச் சொன்னது. வாடகை வீட்டில் அரசன் யார்? வீட்டுக்காரர் மாதம் ஒருமுறை வாடகைக்கு வருவார், அவ்வளவுதான். மூத்தவருக்கு வேலை நேரம் சரியில்லை. புதிதாக வந்த தம்பிக்கோ வாயைத் திறக்கக் கூச்சம், அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று. எல்லாரும் பார்க்கிறார்கள், யாரும் சொல்வதில்லை. மரியாதை என்ற பெயரில் நாம் காக்கும் இந்த மௌனம்தான் எனக்கு அந்த எக்ஸ்டென்ஷனை விடப் பயமாக இருக்கிறது. “அண்ணே, கெட்டிலைச் சுவத்து பிளக்குல போட்டுக்குங்க, இது சுடுது” என்று சொன்னால் எந்த அண்ணனுக்கும் மரியாதை குறையாது. குறைந்தால் குறையட்டும்.

அப்படியே இன்றிரவு சாப்பிடும்போது இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். 999-க்கு அழைத்தால் பொம்பா எங்கே வர வேண்டும் என்று சொல்ல வேண்டுமே: வீட்டு எண், ஜாலான், தாமான். ஆறு பேரில் எத்தனை பேருக்கு அது போனைப் பார்க்காமல் தெரியும்?