படத்திலுள்ள பிள்ளை

கதைகள் யாவற்றையும் குழந்தைகளுக்குச் சொல்லலாகாது எனப் பண்டே வாதிட்டவர் பிளேட்டோ. கதையின் உட்பொருளையும் வெளித்தோற்றத்தையும் பிரித்தறிய இளம் உள்ளத்தால் இயலாது என்பதே 'குடியரசு' நூலில் அவர் காட்டும் காரணம். கேட்கும் குழந்தை எத்தகையதாக வளரும் என்பதே அவரது கவலை. கதையில் எள்ளப்படும் குழந்தையைப் பற்றி அவர் ஆராயவில்லை. எமது காலத்தில் அவ்வினா எழுந்துள்ளது. அதனை எழுப்பிய நூல்களுள் ஒன்றை ஈண்டு நோக்குவோம்.

ஹெலன் பனர்மன் என்னும் ஸ்கொத்லாந்துப் பெண்மணி, மருத்துவரான தம் கணவருடன் சென்னையிலும் இந்தியாவின் பிற இடங்களிலும் முப்பது ஆண்டுகளளவில் வாழ்ந்தவர். தம் பெண்மக்களுக்கென அவர் எழுதி வரைந்த 'சின்னக் கறுப்புச் சம்போவின் கதை' 1899 இல் இலண்டனில் வெளியாயிற்று. சிவப்புச் சட்டையும் நீலக் காற்சட்டையும் ஊதாச் சப்பாத்தும் பச்சைக் குடையுமாகக் காட்டிற்குச் செல்லும் சிறுவனைப் புலிகள் மறிக்கின்றன. உடைமைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து அவன் தப்புகின்றான். தம்முள் யார் பெரியவர் எனப் பூசலிட்ட புலிகளோ மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி நெய்யாய் உருகிவிடுகின்றன. அந்நெய்யில் தாய் சுட்ட அப்பங்களில் 169 ஐ அவன் ஒருவனே உண்கின்றான்! இங்கு நகைப்பிற்கு இடமாவது புலிகளின் செருக்கேயன்றிச் சிறுவன் அல்லன்.

படங்கள் கூறிய கதை வேறு. புலி வாழும் நாட்டுச் சிறுவன், கறுப்பின மக்களை எள்ளுதற்கென மேலைநாட்டு மேடைகள் புனைந்த தடித்த உதட்டையும் பிதுங்கிய விழியையும் பெற்றான். நூலுரிமை ஐந்து பவுணுக்கு விற்கப்பட்டிருந்தமையால், அமெரிக்கப் பதிப்பாளர் தத்தம் விருப்பிற்கேற்ப மேலும் இழிவாக வரைவித்தபோது தடுக்க ஆசிரியைக்கு வழியிருக்கவில்லை. 'சம்போ' என்பதோ அங்கு ஏலவே வசைச்சொல். இந்நூல் கறுப்பினச் சிறுவரை நோகச் செய்வது என்பதை 1932 இலேயே கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் சுட்டினார்.

ஆசிரியைக்குத் தீய நோக்கம் இருக்கவில்லை என்பர். இருக்கவில்லை என்றே கொள்வோம். நோக்கத்தைக் கொண்டு மனிதரை மதிப்பிடலாம். அவர் 1946 இல் மறைந்தார்; நூல் மறையவில்லை. வகுப்பறையில் அது விரிக்கப்படும்போது அவரது நல்லுள்ளம் அங்கு வருவதில்லை, படமே வருகின்றது. கூற்றொன்றை மறுத்துப் பேசலாம். படத்தை எங்ஙனம் மறுப்பது? தன்னை நோக்கித் திரும்பும் முப்பது முகங்களுக்கு ஏழு வயதுப் பிள்ளை என்ன விடை கூறும்?

யப்பானில் நிகழ்ந்தது இன்னும் சிக்கலானது. 1927 இல் அமெரிக்காவில் வெளியான படங்களுடன் இவாநாமி நிறுவனம் 1953 முதல் விற்றுவந்த பதிப்பு, எதிர்ப்பின் விளைவாக 1988 இல் நிறுத்தப்பட்டது. பிற பதிப்பாளரும் தத்தம் பதிப்புகளை மீளப்பெற்றனர். 2005 இல் வேறொரு நிறுவனம் அதே படங்களுடன் அதனை மீண்டும் வெளியிட்டது. யப்பானிய வகுப்பறையில் பக்கத்து மேசையிற் கறுப்பினப் பிள்ளை பெரும்பாலும் இல்லையே, நோவதற்கு யார் உளர் என்று கேட்கலாம். இக்கேள்வி என்னை நெடுநாள் மடக்கியது. ஆயின், கறுப்பின மனிதரை ஒருநாளும் கண்டிராத பிள்ளைக்கு அப்படமே அவர்களுடனான முதல் அறிமுகமாகின்றது. அருகிலிருப்பவன் முகங்கோணியேனும் தன் மறுப்பைக் காட்டுவான். அங்கில்லாதவனுக்கு அதுவும் இயலாது. ஆதலின் 1988 இல் அச்சு நிறுத்தப்பட்டமை மிகையென நான் கருதவில்லை. (அச்சை நிறுத்துவதும் நூலை அழிப்பதும் ஒன்றல்ல. ஆராய்வோருக்கென அது நூலகங்களில் இருத்தல் வேண்டும்.)

எனது குறை வேறு. 1996 இல் ஜூலியஸ் லெஸ்டரும் ஓவியர் ஜெரி பிங்க்னியும், இருவருமே கறுப்பின அமெரிக்கர், அக்கதையைப் புதிதாகச் சொல்லிப் புதிதாக வரைந்தனர். அதே ஆண்டில் பனர்மனின் கதையே இந்தியப் பெயர்களுடனும் புதுப் படங்களுடனும் வேறொரு நூலாக வந்தது. யப்பானியப் பதிப்பாளர் 1988 இல் படத்தோடு கதையையும் சேர்த்தே அகற்றினர். அந்த 169 அப்பங்களுக்கு அங்குள்ள பிள்ளைகளும் சிரித்திருப்பர்.