அந்தியோகியாப் பந்தி

சிரியாவின் அந்தியோகியாவில் யூத விசுவாசிகளும் புறஜாதி விசுவாசிகளும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு வந்தார்கள். பேதுருவும் அந்தப் பந்தியில் இருந்தார். எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து சிலர் வந்து சேர்ந்ததும், அவர்களுக்குப் பயந்து மெல்ல ஒதுங்கிக்கொண்டார். மற்ற யூதர்களும் அவர் வழியே போனார்கள். பவுலோடு ஊர் ஊராக அலைந்த பர்னபாகூட. எல்லோர் முன்னிலையிலும் பவுல் பேதுருவைக் கண்டித்தார். கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின் 2ஆம் அதிகாரத்தில் பவுலே இதைச் சொல்கிறார்.

பேதுருவைக் கோழை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அவர் யாருக்குப் பயந்தாரோ அவர்களுக்கு உணவுச் சட்டம் அற்பமானதல்ல. இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்புதான் அந்தியோகு மன்னனின் ஆட்சியில், பன்றி இறைச்சி உண்ண மறுத்த முதியவர் எலெயாசார் உயிரைக் கொடுத்தார் என்கிறது மக்கபேயர் இரண்டாம் நூல். ரோமின் காலடியில் கிடந்த சிறு இனத்துக்கு நியாயப்பிரமாணம்தான் முகவரி. யூதர்கள் புண்ணியக் கணக்குப் பார்த்தவர்கள் என்ற பழைய சித்திரம் தவறு என்று வேதாகம அறிஞர் ஈ.பி. சாண்டர்ஸ் 1977இல் எழுதிய பிறகு, பவுலை வாசிக்கும் முறையே மாறிப்போனது. அந்த மக்களின் மனத்தைப் புண்படுத்த வேண்டாம் என்று பேதுரு நினைத்திருந்தால் அது குற்றமா?

நினைத்தது குற்றமில்லை. அதற்கான விலையை யார் தலையில் கட்டினார் என்பதில்தான் குற்றம். வந்த விருந்தினருக்குச் சங்கடம் நேராமல் பார்த்துக்கொண்டார். அதுவரை தோளோடு தோள் உட்கார்ந்திருந்தவர்களோ ஒரே நாளில் தீட்டுக்காரர்கள் ஆனார்கள். இனி அவர்கள் பந்திக்குத் திரும்ப வேண்டுமானால் யூதராக மாற வேண்டும். யாரும் வாய்திறந்து கட்டளையிடவில்லை, காலியான இடங்களே கட்டளையிட்டன.

பவுல் மட்டும் வளைந்து கொடுக்காதவரா? தம் உடனூழியர் தீமோத்தேயுவுக்கு அவரே யூதர்களை முன்னிட்டு விருத்தசேதனம் செய்வித்தார் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். மற்றொரு உடனூழியர் தீத்துவின் விஷயத்திலோ அதற்கு இணங்கவில்லை. இதை இரட்டை நாக்கு என்று சொல்வோர் உண்டு. ஆனால் தீமோத்தேயுவின் விருத்தசேதனத்தால் யாரும் பந்தியிலிருந்து விரட்டப்படவில்லை. அடுத்தவருக்காகத் தன் சுதந்தரத்தை விட்டுக்கொடுப்பது ஒன்று. அடுத்தவரின் இடத்தை விட்டுக்கொடுப்பது முற்றிலும் வேறு.

இரண்டு அப்போஸ்தலர்கள் முகத்துக்கு முகம் மோதியது சபைத் தந்தை ஜெரோமுக்குப் பொறுக்கவில்லை. இருவரும் முன்னரே பேசிவைத்துக்கொண்டு நடித்த காட்சி இது என்று தம் விளக்கவுரையில் எழுதினார். வேதத்தில் பொய்யை நுழைய விட்டால் பிறகு எதை நம்புவது என்று அகுஸ்தீன் மறுத்து எழுதினார். கடிதங்கள் பல ஆண்டுகள் நீண்டன. அகுஸ்தீன் பக்கம்தான் நியாயம்: பெரியவர்களின் கௌரவத்தைக் காக்க உண்மையை வளைப்பது, பேதுரு செய்ததையே மறுபடி செய்வது.

சபை நடுவில் கண்டிக்க வேண்டுமா, முதலில் தனியே போய்ப் பேசு என்றல்லவா மத்தேயு 18ஆம் அதிகாரம் சொல்கிறது என்று கேட்கலாம். விலகல் பகிரங்கமாக நடந்தது. அவமதிக்கப்பட்டவர்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். தனியறையில் பேசியிருந்தால் பேதுருவின் மானம் தப்பியிருக்கும், அவர்களுடையது தப்பியிருக்காது. (அதைக் கலாத்தியா வரை எழுதி அனுப்பியது எவ்வளவு தேவை என்பது வேறு கேள்வி. பேதுருவின் பதில் நமக்கு வந்து சேரவே இல்லை.)

தமிழ்நாட்டுச் சபைகள் கலாத்தியர் 2ஆம் அதிகாரத்தை வெளியூர்க் கதையாகப் படிக்க முடியாது. ஆலயத்தில் சாதிவாரியாக உட்காருவதும் திருவிருந்தில் சாதி முறைப்படி வருவதும் உடனே ஒழிய வேண்டும் என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை விடுத்தார். இது விசுவாசமல்ல, வெறும் சமூக வழக்கம் என்று தஞ்சையில் பலர் எதிர்த்தார்கள். பலர் சபையை விட்டே போனார்கள். பேதுருவுக்குச் சொல்ல முடிந்த சாக்குகூட இவர்களுக்கு இல்லை. அந்தியோகியாவில் காக்கப்பட்டது நசுக்கப்பட்ட இனத்தின் அடையாளம். தஞ்சையில் காக்கப்பட்டது நசுக்கியவர்களின் மேன்மை.

விசுவாசத்தால் நீதிமானாகும் கோட்பாட்டைத் தேடுவோர் வழக்கமாக இந்த அதிகாரத்தின் 16ஆம் வசனத்தைத் திறக்கிறார்கள். வேதபாட வகுப்பு நடத்துவோர் தயவுசெய்து 11ஆம் வசனத்திலிருந்து வாசிக்கத் தொடங்குங்கள்.