தூசும் அறமும்

ஒரு தீங்கை விலக்கும் வழி மனிதருக்குத் தெரியாதிருந்த காலத்தில் அத்தீங்கு நேர்ந்தால் அதனைத் துன்பம் என்கிறோம். வழி தெரிந்த பின்னரும், கருவி கையில் வந்த பின்னரும், அதே தீங்கு அதே மக்கள்மீது தொடர்ந்து விழுமாயின் அதற்கு என்ன பெயரிடுவது? இவ்வினாவை அறநூல்களைப் புரட்டி ஆராய்வோர் ஆராயட்டும். நாம் புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்தில் கண்ணுக்குத் தெரியும் சில பொருள்களைக் கொண்டு ஆராயலாம். சீமெந்துத் தூள், நிலக்கரி, கூரைத்தகடு, சிரட்டைக்கரி ஆகியவை மெய்யியலுக்கு உரியனவோ என்று புலவர் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். மூச்சுவிடும் உயிர்களைப் பற்றியதுதான் மெய்யியல் எனின், மூச்சோடு உள்ளே செல்லும் பொருளும் அதற்கு உரியதே.

கற்பிட்டிக்குப் பிரியும் சந்தியாகிய பாலாவியில் சீமெந்து ஆலை இருக்கிறது. வடக்கே அருவக்காட்டில் வெட்டும் சுண்ணக்கல் இருப்புப்பாதை வழியே அங்கு வந்து அரைபட்டு, சூளையில் வெந்து, சீமெந்தாகிறது. 1970களிலிருந்து இயங்கிவரும் இவ்வாலையின் தூசு பற்றிச் சுற்றுப்புறத்து மக்கள் முறையிட்டு வந்திருக்கின்றனர். சீமெந்துச் சூளையின் தூசைப் பிடிப்பதற்கு வழியுண்டா என்று கேட்டால், உண்டு என்பதே விடை. அவ்வழி கண்டறியப்பட்டு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது.

அந்த வரலாறு நமது மாணவர்கள் அறியவேண்டியது. கலிபோர்னியாவில் இரசாயனம் கற்பித்த பிரெடெரிக் கொட்ரெல் என்பவர் 1907ஆம் ஆண்டளவில், கந்தக அமிலத் தொழிற்சாலையின் மூடுபனி போன்ற ஆவியை மின்னால் பிடிக்கும் முயற்சியில் ஈடுபட்டிருந்தார். உயர் அழுத்த மின்னேற்றிய கம்பி ஒன்றைப் புகையின் நடுவே நிறுத்தினால், புகையிலுள்ள துகள்கள் மின்னேற்றம் பெற்று எதிரேயுள்ள தகட்டில் சென்று ஒட்டும் என்பது கொள்கை. ஆனால் வெறுங்கம்பியிலிருந்து மின் போதிய அளவு வெளிப்படவில்லை. பருத்தி நூல் சுற்றிய ஒரு கம்பியின் நூற்பிசிறுகளில் ஒளி மினுங்குவதை அவர் தற்செயலாகக் கண்டார். மயிர்போன்ற பிசிறுகளே மின்னை வெளிவிடுகின்றன என்று தெரிந்ததும், அமிலத்திற்கு அழியாத கல்நார், மைக்கா முதலியவற்றைக் கம்பியில் சுற்றினார். கருவி வேலை செய்தது. 1908இல் உரிமம் பெற்றார்.

அடுத்து நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. அதே மாநிலத்தின் ரிவர்சைடு என்னும் ஊரில் ஒரு சீமெந்து ஆலையைச் சூழத் தோடைத் தோட்டங்கள் இருந்தன. இலைகளில் சீமெந்துத் தூள் படிந்து மரங்கள் நலிந்தன என்று தோட்டக்காரர் வழக்காடினர். ஆலைக்காரர் வேறு வழியின்றிக் கொட்ரெலின் கருவியை நாடினர். 1910களின் தொடக்கத்தில் அது அங்கு பொருத்தப்பட்டது. முதல் உலகப் போரின்போது ஜெர்மனியிலிருந்து பொட்டாசு வருவது நின்றுவிட, அவ்வாலை தான் பிடித்த தூசிலிருந்தே பொட்டாசு எடுத்து உரமாக விற்றது. தோடையைக் கெடுத்த தூசு, பயிருக்கு உரமாகி விலையும் போயிற்று! கொட்ரெலோ தமது உரிமத்தால் வந்த பொருளைத் தமதாக்கிக்கொள்ளவில்லை. 1912இல் ஒரு கழகம் நிறுவி, அவ்வருவாயை விஞ்ஞான ஆராய்ச்சிக்கே விட்டார்.

இவ்வரலாற்றில் நமக்கு நெருடலாய் இருப்பது ஒன்றுண்டு. கருவி ஆலைக்குள் நுழைந்தது மனிதரின் நுரையீரலைப் பொருட்டன்று. தோடை மரத்திற்குச் சந்தையில் விலையுண்டு. தோட்டக்காரருக்கு நிலவுரிமை உண்டு, வழக்கறிஞர் உண்டு. சூளையருகே நின்ற கூலியாளின் மூச்சுக்கு அம்மூன்றும் இல்லை. தொழிற்சாலையில் துப்புரவுக்கும் உடல்நலத்திற்கும் வேண்டிய மிக எளிய ஏற்பாடுகளைக்கூடச் சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்த வேண்டியிருப்பதே முதலாளித்துவ உற்பத்திமுறையின் இயல்பைக் காட்டுகிறது என்று மார்க்ஸ் 1867இல் 'மூலதனம்' முதற்பாகத்தில் சுட்டினார். ரிவர்சைடு அதற்கு ஒரு விளக்கவுரை.

ஆயினும், தனியுடைமையே எல்லாவற்றிற்கும் காரணம் என்று சொல்லிவிட்டு நாம் கைகழுவுவதற்கில்லை. பாலாவி ஆலை அரசுக் கூட்டுத்தாபனத்தின் உடைமையாகவே பிறந்தது; தொண்ணூறுகளில்தான் தனியார் கைக்குப் போயிற்று. நுரைச்சோலை அனல்மின் நிலையமோ இன்றளவும் பொதுவுடைமை. 2011இல் முதற்பகுதியும் 2014இல் முழுமையும் நிறைவெய்திய அந்நிலையம் 300 மெகாவாற்று வலுவுள்ள மூன்று பிரிவுகளைக் கொண்டது. நாட்டிலேயே மிகப் பெரியது. அதன் புகைபோக்கிக்கு முன்னே கொட்ரெலின் கருவியின் வழிவந்த கருவிகள் உள்ளன. அவை சாம்பலைப் பிடிக்கின்றன. பிடித்த சாம்பல் சீமெந்துக்கும் பயன்படுகிறது. ஆனால் நிலக்கரி வெளியே குவிந்து கிடக்கிறது. அங்கே கப்பல்கள் கரைசேர முடியாது. நடுக்கடலில் நின்று, தட்டைப் படகுகளுக்கு மாற்றியே கரி இறக்கவேண்டும். தென்மேல் பருவக் காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அது முடியாது. ஆகவே அம்மாதங்களுக்கு வேண்டிய கரியை முன்கூட்டியே கொண்டுவந்து குவித்துவைக்கின்றனர். காற்று கடலிலிருந்து ஊரை நோக்கி உக்கிரமாய் வீசுவதும் அதே மாதங்களில்தான்! அக்காற்றே மாம்புரியில் காற்றாலைகளையும் சுழற்றுகிறது. ஒரே காற்று ஓரிடத்தில் மின்னாகவும் மற்றோரிடத்தில் மிளகாய்ச் செடியின்மேல் கறுப்புப் பொடியாகவும் வருகிறது என்றால், குற்றம் காற்றினதன்று.

இங்கே ஒரு நுட்பத்தை மறக்கலாகாது. புகைபோக்கியில் வடிகட்டி வைப்பது நிலையத்தின் வரைபடத்திலேயே இருந்தது. கரிக்குவியலின் மேலாகக் காற்று வீசுமே என்பது யாருடைய வரைபடத்தில் இருந்திருக்க வேண்டும்? பொறியியலாளர் தெரியாதவர் அல்லர். பருவக்காற்றின் திசையைக் கற்பிட்டி மீனவச் சிறுவனும் சொல்வான். அவனைக் கேட்கும் வழக்கம் இல்லை, அவ்வளவுதான். உடைமை பொதுவாய் இருந்தும் முடிவெடுக்கும் அறைக்குள் பொதுமக்கள் இல்லையெனின், தூசு எப்பக்கம் விழும் என்பது முன்போலவே தீர்மானமாகிறது.

பொதுவுடைமை பேசிய நாடுகளின் வரலாற்றிலும் இதற்குச் சான்றுண்டு. யூரல் மலைப்புறத்தில் அஸ்பெஸ்ட் என்றே பெயர்கொண்ட நகரம் ஒன்று உள்ளது; கல்நார் என்னும் அஸ்பெஸ்டஸைத் தோண்டுவதே அதன் வாழ்வு. சோவியத்து ஆட்சியிலும் தோண்டினர், இன்றும் தோண்டுகின்றனர். வெப்பத்தைக் கடத்தாத, தீயில் வேகாத, அமிலத்தில் கரையாத இந்நாரைப் போல மலிவான காப்புப்பொருள் வேறு இல்லை என்று ஒருகாலத்தில் உலகமே கொண்டாடியது. அதன் கேடு மறைந்து கிடந்ததா? இல்லை. 1899இல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் மொன்டேகு மரே என்னும் மருத்துவரிடம் கல்நார் ஆலைத் தொழிலாளி ஒருவர் வந்தார். தம்மோடு அதே அறையில் வேலைசெய்த பத்துப்பேரில் தாம் ஒருவரே உயிரோடிருப்பதாகச் சொன்னார். 1924இல் ரொச்டேல் நகரின் நெல்லி கெர்ஷோ என்னும் பெண் தொழிலாளி தமது 33ஆம் வயதில் இறந்தார். அவரது நுரையீரலை ஆராய்ந்த மருத்துவர் கல்நார்த் துகளைக் கண்டு எழுதிவைத்தார். 1930இல் மெரிவெதர், பிரைஸ் ஆகிய இருவர் பிரித்தானிய அரசுக்கு அறிக்கை தந்தனர். மறு ஆண்டில் ஒழுங்குவிதிகளும் வந்தன. முற்றாகத் தடைசெய்ததோ 1999இல். அறிக்கைக்கும் தடைக்கும் இடையே 69 ஆண்டுகள்! அந்த அறுபத்தொன்பதையும் அறியாமை என்று எவ்வாறு கூறுவோம்?

நமது நாட்டிலும் வெள்ளைக் கல்நார்த் தகடுகளே எண்ணற்ற வீடுகளின் கூரை. 2018 முதல் அதனைப் படிப்படியாக நிறுத்துவதென்று அரசு முடிவெடுத்திருந்தது. 2017 டிசம்பரில் இலங்கைத் தேயிலைப் பொதியொன்றில் வண்டு கண்டதாகக் கூறி ரஷ்யா நமது தேயிலையை நிறுத்திற்று. கல்நாரைப் பெருமளவில் நமக்கு விற்கும் நாடும் ரஷ்யாவே. சில நாள்களுள் கொழும்பு கல்நார்த் தடையைக் கைவிட்டது. அம்மாத முடிவில் தேயிலைத் தடையும் நீங்கிற்று. வண்டின் அரசியலை வாசகர் தாமே விளங்கிக்கொள்வர். இங்கு நம்மை வருத்துவது வேறு. மலையகத் தோட்டத் தொழிலாளியின் வேலை ஒருபுறமும், தகடு அறுக்கும் தொழிலாளியின் நுரையீரல் மறுபுறமுமாகத் தராசில் வைக்கப்பட்டன. இரண்டு தட்டுகளிலும் உழைப்பாளியே இருந்தான். தராசைப் பிடித்த கை அவனுடையதன்று.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும். "வேலையில்லாமல் பட்டினியால் சாவதைவிடத் தூசு தின்று வாழ்வது மேல் என்று தொழிலாளியே சொல்கிறானே, அவன் ஒப்புக்கொண்டதைக் குறைசொல்ல நீர் யார்?" என்பர். இது எளிதில் தள்ளத்தக்க வாதமன்று. ஆயின் ஒப்புதல் என்பது வேறு வழியும் முன்னிருக்கும்போதே ஒப்புதலாகும். பசியையும் தூசையும் மட்டுமே காட்டி, வடிகட்டியை மறைத்துவைத்து, எது வேண்டும் என்று கேட்பவன் கேள்வி கேட்கவில்லை, பொறி வைக்கிறான். அவ்வாறே, கிடுகுக் கூரையின் குளிர்ச்சியைப் புகழ்ந்து ஏழையைக் கிடுகுக்குத் திரும்பச் சொல்வதும் நமது வேலையன்று. கிடுகு வெயிலைத் தடுப்பது உண்மை. மழைக்கு இற்றுப்போவதும் தீப்பற்றுவதும் உண்மை. வைக்காலிலும் தங்கொட்டுவையிலும் ஓட்டுச் சூளைகள் உள்ளன. கல்நாரில்லாத நார்த்தகடுகளும் உலகில் செய்யப்படுகின்றன. ஓட்டின் விலையும் அதைத் தாங்கும் மரத்தின் விலையும் கூலியாளுக்கு எட்டினால் அவன் தகட்டைத் தேடமாட்டான்.

இனிச் சிரட்டைக்கு வருவோம். இக்கரையின் சொந்தப் பொருள் அதுவே. வென்னப்புவ முதல் சிலாபம் கடந்து வடக்கே செல்லும் தென்னந்தோப்புகளின் நடுவே, லுணுவிலயில், 1929இல் தோன்றிய தெங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மாதம்பையில் சிரட்டைக்கரியை உயிர்ப்பூட்டும் தொழிற்சாலை இருக்கிறது. உயிர்ப்பூட்டல் என்றால் ஏறத்தாழ 900 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் கரிக்குள் நீராவியைச் செலுத்தி, எண்ணிறந்த நுண்துளைகளைத் திறந்துவிடுவது. ஒரு கிராம் கரியின் உட்பரப்பை விரித்தால் ஆயிரம் சதுர மீற்றர் வரும்; நமது பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு மூலை அதற்குள் அடங்கும். நஞ்சும் நாற்றமும் அத்துளைச் சுவர்களில் ஒட்டிக்கொள்கின்றன. வகுப்பறையில் புறத்துறிஞ்சல் என்று நாம் கற்பிப்பது இதுவே. சிரட்டை கடினமானதாதலால் அதன் துளைகள் மிக நுண்ணியவை. வளியைப் பிடிப்பதற்கு மற்ற மரக்கரிகளைவிட அது சிறந்தது.

இச்சிறப்பை உலகம் போரில்தான் நன்கு உணர்ந்தது. 1915 ஏப்ரலில் ஈப்ர் போர்க்களத்தில் குளோரீன் நச்சுப்புகை விடப்பட்டது. அதே ஆண்டில் ரஷ்ய விஞ்ஞானி செலின்ஸ்கி கரியைக் கொண்டு முகமூடி அமைத்தார். 1918இல் அமெரிக்கா தன் படைவீரரின் முகமூடிக்காகத் தேங்காய்ச் சிரட்டை தேடிற்று. போதாமையால் பீச்சுப் பழக்கொட்டைகளை வீடுவீடாகச் சேகரித்தது. கொல்வதற்கு ஒரு கண்டுபிடிப்பும் காப்பதற்கு ஒரு கண்டுபிடிப்பும் ஒரே ஆண்டில் பிறந்தன. அவசரம் வந்தபோது பணமும் வந்தது, குழந்தைகளும் கொட்டை பொறுக்கினர். தூசுக்கு அத்தகைய அவசரம் ஒருநாளும் வருவதில்லை. அது மெல்லக் கொல்வது.

இன்று இலங்கையின் சிரட்டைக்கரி தூரதேசங்களின் குடிநீரைத் தெளிவாக்குகிறது. தங்கச் சுரங்கங்களில் கரைந்த பொன்னைப் பற்றிக்கொள்கிறது. கற்பிட்டிக் குடாநாட்டு மணலிலோ, காய்கறித் தோட்டங்களின் உரம் கீழிறங்கிக் கிணறுகளில் நைத்திரேற்று ஏறியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையை மீறிய கிணறுகளும் உண்டு. சிரட்டைக்கரியை இங்கேயே வைத்துக்கொண்டால் இது தீரும் என்று மேடையில் முழங்கினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் கரி நைத்திரேற்றைப் பிடிப்பதில்லை. அதற்கு வேறு முறை வேண்டும். அம்முறைகளும் உலகில் உள்ளன, மின்செலவும் பராமரிப்பும் உள்ளன. பொய்யான மருந்தைச் சொல்லி உண்மையான நோயை எடுத்துக்காட்டுவது முற்போக்காளர் செய்யத்தக்கதன்று.

உயிர்ப்பூட்டும் ஆலைக்குக் கரி எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி தோட்டங்களின் ஓரத்தில், மண்ணில் வெட்டிய குழிகளிலும் பழைய இரும்புப் பீப்பாய்களிலும் சுடப்படுகிறது. சிரட்டையின் நிறையில் சுமார் மூன்றில் ஒரு பங்கே கரியாய் எஞ்சும். மற்றதெல்லாம் தாரும் அமிலமும் கலந்த வெண்புகையாய் மேலே போகிறது. குழியருகே நின்று சிரட்டை கொட்டுபவரும், கரி அள்ளுபவரும், சலிப்பவரும் அப்புகையில் நிற்கின்றனர். உலகின் மூச்சைச் சுத்தஞ்செய்யும் பொருள் இத்தகைய மூச்சிலிருந்து பிறக்கிறது. இதற்கும் வழி கண்டுபிடித்தாயிற்று. மகா ஓயாவுக்கு அப்பால் பாடல்கமவில், மூடிய சூளைகளில் சிரட்டையைச் சுட்டு, எழும் வளியை எரித்து, அவ்வெப்பத்தால் மின் பிறப்பிக்கின்றனர். ஆலை பெரியது, மூலதனமும் பெரியது. குழிக்காரரிடம் இருப்பது ஒரு மண்வெட்டியும் இரண்டு பீப்பாயும். அவர் கரியைத் தரகருக்கு விற்கிறார். விலையைத் தரகர் சொல்கிறார். பத்து இருபது குழிக்காரர் சேர்ந்து புகையை எரிக்கும் ஒரு சிறு பொதுச்சூளை கட்டுவதற்குத் தடையாயிருப்பது விஞ்ஞானமன்று. நிலம் யாருடையது, கடனுக்குப் பிணை யார், தரகரின் முற்பணத்தை முதலில் யார் தீர்ப்பது என்னும் மூன்று கேள்விகளே தடை. நமது கூட்டுறவுச் சங்கங்கள் இதுகாறும் அரிசிக்கும் சீனிக்கும் கணக்கெழுதிய அளவுக்கு இம்மூன்றுக்கும் கணக்கெழுதிப் பார்க்கவில்லை. எழுதிப்பார்ப்பதற்குக் கணிதம் படித்த இளைஞர் இக்கரையின் ஒவ்வொரு பாடசாலையிலிருந்தும் ஆண்டுதோறும் வெளிவந்துகொண்டுதான் இருக்கின்றனர்.